பதினெட்டாவது ஒட்டு

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
எனக்குப் பஞ்சர் கடை.
தேங்காய் லாரி, வைக்கோல் லாரி,
கள்ளுக்காக எல்லை தாண்டி வரும் கோயமுத்தூர் பைக்குகள்,
எல்லாவற்றின் காற்றும் எனக்குத் தெரியும்.
அந்த இரண்டு சைக்கிள்களை மட்டும்
முதலில் கணக்கில் எடுக்கவில்லை.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை,
நெஞ்சில் கறுப்பு வில்லையில் பெயர்:
மூப்பர் தலாரி. மூப்பர் ஞானதுரை.
மூப்பராம்!
ஒருவனுக்கு மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
"பத்தொன்பது வயசுங்க" என்றான் தலாரி,
ராஜமுந்திரியை எங்கள் தமிழுக்குள் ஒளித்துவைத்து.

எதிர்க் கடையில் டீ சொன்னேன். வேண்டாம் என்றார்கள்.
காப்பி? அதுவும் விலக்காம்.
இந்த ஊரில் டீயை மறுப்பதும்
முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஒன்று.
வெந்நீர் கேட்டார்கள்.
கண்ணாடி டம்ளரில் வாங்கி
ஊதி ஊதிக் குடித்தார்கள், டீயைப் போலவே,
எனக்காக.

ஒழலப்பதிச் சாலையில் முள் அதிகம்.
வியாழனுக்கு வியாழன் அதே நீலக் கேட்,
ராமாத்தாள் வீடு.
மூன்று மாதம் அவர்களோடு நாய்தான் பேசியது.
பின்சக்கரத்துக்கு ஏழாவது ஒட்டு போட்ட அன்று சொன்னேன்:
"அந்தம்மா திறக்காதுப்பா.
ஓட்டு கேட்கப் போனவனே திரும்பி வந்துட்டான்."
"தெரியும்ணே."
"தெரிஞ்சுமா?"
பம்பைக் கையிலிருந்து வாங்கித்
தானே அடிக்க ஆரம்பித்தான்.

கேட்க எனக்கென்ன தகுதி.
சாலையை அகலப்படுத்தியபோது கடையில் பாதி போயிற்று.
பதினோரு வருடமாய், மாதத்தின் இரண்டாம் திங்கள்,
சித்தூர் தாலுக்கா ஆபீசில் நிற்கிறேன்.
நாலு தாசில்தார் மாறியாயிற்று.
பியூன் தன் மகள் கல்யாணத்துக்கே என்னை அழைத்துவிட்டான்.
ஃபைல் மட்டும் "மேலே இருக்கு".
இவர்களுடையதும் மேலேதான் இருக்கிறது.

மாடியறை ஒன்றை வாடகைக்கு எடுத்து
பன்னிரண்டு நாற்காலி போட்டார்கள்.
ஞாயிறு ஐந்து பேர், மழையென்றால் மூன்று.
மழை எங்கே பெய்கிறது இங்கே.
தெருவே கள்ளுக்கு நிற்கும் நேரத்தில்
ஒரு துண்டு ரொட்டியும் ஒரு மடக்குத் தண்ணீரும்
அவர்களுடைய பந்தி.
ஒருநாள் எட்டிப் பார்த்தேன்.
யாரும் உட்காராத நாற்காலிகளையும்
ஞானதுரை துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் கோடையில் பஞ்சாயத்துத் தண்ணி லாரி
நீலக் கேட்டுக்கு இருநூறடி முன்பே நின்றுவிட்டது.
டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
பன்னிரண்டு குடம் சுமந்து கேட்டோரம் வைத்தார்கள்.
அன்று பையிலிருந்து புத்தகம் எடுக்கவில்லை.
அடுத்த வியாழன் திறந்ததா என்றால்
இல்லை.
நாய் குரைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞானதுரையை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.
தலாரிக்கு இரண்டு வருடம் முடிந்தது.
ரயிலுக்கு முந்தின சாயங்காலம்
சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.
"நாளைக்கு ஊருக்குப் போறவனுக்கு ஒட்டு எதுக்குடா?"
"அடுத்து வர்றவருக்கு வண்டி வேணும்ணே."

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடும்போது
எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டேன்.
அவன் சொன்னதெல்லாம் திறக்காத வீடுகளின் பெயர்கள்.
யாருக்கு முட்டிவலி, எவர் மகன் துபாயில்,
எந்த வாசலில் செருப்பை எங்கே விடவேண்டும்.
நடுவில் ஒருமுறை தெலுங்கில் தடுமாறினான்.
பதினெட்டாவது ஒட்டுக்குக் காசு வாங்கவில்லை நான்.
மேசை மேல் வைத்துவிட்டே போனான்.

புதியவன் வந்திருக்கிறான். சட்டையில் மடிப்பு கலையவில்லை.
கேட்காமலே வெந்நீர் சொன்னேன், விழித்தான்.

நேற்று ஒரு டயர் கொடுக்க அந்தப் பக்கம் போனேன்.
நீலக் கேட்டின் கொண்டி போடாமல் கிடந்தது.
காற்றாக இருக்கலாம்.
புதியவனிடம் சொல்லவில்லை.
வியாழன் வரட்டும்.